ஆஸ்பத்திரி கவுண்டரில் ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்டால்

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில், ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மா காபிக் களத்தில் வழுக்கி விழுந்தார். பனியில் ஊறிப் பாசி பிடித்த சிமெண்ட் களம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 வண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்து சேரும்போது இரவு ஒன்பது ஆகியிருந்தது. நான் செவ்வாய்ப்பேட்டையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அதனால் ‘கணக்கு வழக்கு தெரிஞ்சவன் நீதான்’ என்று சொந்தக்காரர்கள் என்னை ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

அன்று நான் வாய்விட்ட ஒரே ஒரு சொல்லின் விலை 60,000 ரூபாய். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த விவகாரத்தின் அடிப்படையைப் பார்த்துவிடலாம். எனக்கே அன்றைக்கு அது தெரியாது.

நம் ஊரில் சீட்டுப் போடாத வீடு குறைவு. அந்தப் பழக்கத்தில் இன்சூரன்ஸையும் ஒரு சீட்டு மாதிரியே நினைத்துக்கொள்கிறோம். மாதாமாதம் கட்டினோம், 5 லட்சம் சீட்டு, தேவை வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று. இன்சூரன்ஸ் அப்படி இல்லை. பாலிசியில் போட்டிருக்கும் 5 லட்சம் என்பது உங்களுக்காக எடுத்துவைத்த பணம் கிடையாது. ‘இந்த நோய்களுக்கு, இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வரும் பில்லை, அதிகபட்சம் இவ்வளவு வரை நாங்கள் ஏற்கிறோம்’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது அந்த நிபந்தனைகளை. நாமோ ‘எத்தனை லட்சம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

முதலில், கையில் இருப்பது எந்த அட்டை?

‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்று பொதுவாகச் சொல்கிறோம். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து நிமிடம் நின்று பார்த்தால், அந்த ஒரே வார்த்தைக்குள் நாலு வகை இருப்பது தெரியும். நாலுக்கும் வழி வேறு.

ஒன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. மக்கள் வாயில் இன்னும் ‘கலைஞர் காப்பீடு’, ‘அம்மா காப்பீடு’ என்று கட்சிக்கு ஒரு பெயர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகை நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். அதனால் பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி உங்களிடம் தனியாகக் காசு கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இது முழுக்க கேஷ்லெஸ் திட்டம், அதாவது பில்லை ஆஸ்பத்திரிக்கே நேரடியாகத் தீர்த்துவிடுவார்கள். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு அட்டையைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. அட்மிஷன் போடும்போதே, ‘காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா? எங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கே இருக்கிறதா?’ என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரி இதய சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கும், எலும்பு சிகிச்சைக்குச் சேர்ந்திருக்காது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் அட்டையைக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில்தான் எல்லாம் இலவசமாயிற்றே, அட்டை எதற்கு என்று வைத்துவிட்டுப் போக வேண்டாம். அந்தக் காப்பீட்டுப் பணம் அங்கேயும் பயன்படுகிறது.

இரண்டாவது ஈஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இது கட்டாயம். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் முதலாளி போடுவார். இங்கே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் அவர்களே வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தால் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. ஆறேழு பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறையிலும் தறிக் கூடத்திலும் இருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை. அவர்கள் முதல் வகை அட்டையைத்தான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வேலை பார்க்கும் கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குரூப் பாலிசி. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பாலிசியில் பெற்றோர் பெயர் இருக்கும். நல்ல விஷயம், பழைய நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் தருவார்கள். ஆனால் பிள்ளை வேலையை விட்ட அன்றைக்கு அப்பா அம்மாவின் காப்பீடும் சேர்ந்து போய்விடும். வேலை மாறும்போது நடுவில் ஒரு மாதம் சும்மா இருப்பார்கள் பாருங்கள், மாரடைப்பு அந்த மாதத்தைப் பார்த்து வருவதை நான் இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

நாலாவது, நாமே பணம் கட்டி எடுக்கும் பாலிசி. இதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு அது இல்லை. பெரியம்மாவுக்கு இருந்தது இந்த வகைதான். அவர் மகன், என் அண்ணன் முறை, பெங்களூரிலிருந்தபடியே ஆன்லைனில் எடுத்த 3 லட்சம் பாலிசி. இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நாலாவது வகைக்குத்தான்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது, பைபாஸில் அடிபட்டது என்றால் அட்டை தேடி அலைய வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அரசு செலவில் பார்க்கிறார்கள். வருமானம், அட்டை, எந்த மாநிலம் என்று எதுவும் பார்ப்பதில்லை.

காத்திருக்கச் சொல்லும் காலங்கள்

புதிதாகப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. கண்புரை, ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு, அதாவது சுகர், பிபி, ஆஸ்துமா, முன்பே வைத்த ஸ்டென்ட் என்று எதுவாக இருந்தாலும், அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது.

பெரியம்மா விழுந்தது விபத்து. அதனால் இந்தக் காலக் கணக்கு எதுவும் எங்களைத் தொடவில்லை. ஆனால் அவருக்குச் சுகர் உண்டு. அது இன்னொரு பக்கமாக எட்டிப் பார்த்தது.

இரவு பதினோரு மணிக்கு டியூட்டி டாக்டர் வந்தார். சின்னப் பிள்ளை, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. கேஸ் ஷீட்டில் எழுதியபடியே, ‘‘சுகர் எத்தனை வருஷமா?’’ என்று என்னைக் கேட்டார். நான் யோசிக்காமல், ‘‘இருக்கும் டாக்டர், ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம்’’ என்றேன். ஸ்ட்ரெச்சரில் வலியோடு படுத்திருந்த பெரியம்மா கண்ணைத் திறந்தார். ‘‘ஏழு வருஷந்தான் சாமி. உந்தங்கச்சி கல்யாணம் முடிஞ்ச மறுவாரம்தானே கண்டுபிடிச்சாங்க’’ என்றார். டாக்டர் அடித்துவிட்டு 7 என்று எழுதினார்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பாலிசி எடுக்கும்போது அண்ணன் ‘ஐந்து வருடமாகச் சுகர்’ என்று எழுதியிருந்தார். பாலிசி எடுத்து இரண்டு வருடம். ஐந்தும் இரண்டும் ஏழு, கணக்கு நேராகிறது. நான் சொன்ன பன்னிரண்டு அந்தத் தாளில் நின்றிருந்தால், ‘பத்து வருடமாக இருந்த சுகரை ஐந்து என்று மறைத்திருக்கிறீர்கள்’ என்று கம்பெனி கேள்வி கேட்டிருக்கும். கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதப்படும் நோய் வரலாற்றைத்தான் கிளெய்ம் பார்ப்பவர்கள் முதலில் படிக்கிறார்கள். பல கிளெய்ம்கள் கெட்டுப்போவது உறவினர் குத்துமதிப்பாகச் சொன்ன ஒரு எண்ணால்தான். பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரியாததைத் ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் தப்பாக ஏதாவது எழுதியிருந்தால், அங்கேயே டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

இதே காரணத்தால், பாலிசி எடுக்கும்போது ஏஜெண்ட் ‘‘சுகரெல்லாம் போட வேணாம் சார், பிரீமியம் ஏறிடும்’’ என்று சொன்னால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். மறைப்பதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நிறைய. மறைத்தால் சுகருக்கு மட்டுமல்ல, பாலிசிக்கே ஆபத்து. பாலிசியையே ரத்து செய்யலாம். விடாமல் 60 மாதம் புதுப்பித்துவிட்டால் அதற்குப் பிறகு ‘அப்போது சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் முடியும். அந்த 60 மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆகவே புதுப்பிக்கும் தேதியை மட்டும் தீபாவளிச் சீட்டுத் தேதி மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கேஷ்லெஸ் என்றால்

ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் தங்களுக்குள் பேசி, பில்லை நேரடியாகத் தீர்த்துக்கொள்வது கேஷ்லெஸ். சில கம்பெனிகள் இந்த வேலையை டிபிஏ என்ற இடைநிலை நிறுவனத்திடம் விட்டிருக்கும். அட்மிஷன் ஆனதும் ஆஸ்பத்திரி ஒரு படிவத்தை அனுப்பும். என்ன நோய், என்ன சிகிச்சை, எத்தனை நாள், ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று. அதைப் பார்த்துக் கம்பெனி முன் அனுமதி தரும். விண்ணப்பம் கிடைத்த 1 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது 2024 மே மாதம் வந்த விதி.

முதலில் வரும் அனுமதித் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்களுக்கு முதல் நாள் 60,000 என்று வந்தது. ‘‘ரெண்டரை லட்சம் ஆகும்ங்கறாங்க, இவன் அறுபதாயிரம் தர்றேங்கறான்’’ என்று வீட்டில் ஒப்பாரி. அது தொடக்க அனுமதிதான். சிகிச்சை நடக்க நடக்க ஆஸ்பத்திரி கூடுதல் தொகை கேட்டு எழுதும். நடுவில் கம்பெனி ‘குவெரி’ போடும். பழைய ரிப்போர்ட் கொடு, எப்படி விழுந்தார் என்று எழுதிக் கொடு என்று. அதற்குப் பதில் போகாவிட்டால் ஃபைல் அப்படியே நிற்கும். தினமும் காலையில் டெஸ்க்குக்குப் போய், ‘‘ஏதாவது குவெரி வந்திருக்கா?’’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். இதற்காகவே சொல்கிறேன், நோயாளி பக்கத்தில் உட்கார ஒருவர், இந்தக் காகித வேலைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே மறுக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. ஆஸ்பத்திரி கம்பெனியின் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், அவசரத்தில் காகிதம் போதாமல் போயிருக்கலாம். அப்போது நாம் பணம் கட்டிவிட்டு, பிறகு பில்களை அனுப்பித் திரும்பக் கேட்கலாம். அசல் பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் வேண்டும். உடம்புக்குள் ஸ்டென்ட்டோ பிளேட்டோ வைத்திருந்தால் அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் வேண்டும். அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டு, பிறகு அதற்காக மூன்று தடவை அலைபவர்களை டெஸ்க் முன்னால் தினமும் பார்க்கலாம்.

ரூம் வாடகை என்ற பொறி

இப்போது என் 60,000 ரூபாய்க் கதை.

அட்மிஷன் போடும்போது டெஸ்க்கில் இருந்த பெண், ‘‘ஷேரிங்கா சார், சிங்கிளா?’’ என்று கேட்டார். அண்ணன் போனில் இருந்தார். ‘‘நல்ல ரூமாப் போடுடா. நம்ம காசா என்ன, இன்சூரன்ஸ்தானே’’ என்றார். நானும் ‘‘சிங்கிள்’’ என்றேன். ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். ஆறு நாள்.

பாலிசியில் ரூம் வாடகை வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். 3 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் நாளைக்கு 3,000. சரி, அதிகப்படியான 2,000-ஐ ஆறு நாளுக்கு நாம் கட்டினால் போயிற்று, 12,000-தானே என்று யாருக்கும் தோன்றும். கணக்கு எழுதுகிற எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் விதி அப்படிப் போகவில்லை. பெரிய ரூமில் இருப்பவருக்கு டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே கூடுதலாகப் போடும் பழக்கம் ஆஸ்பத்திரிகளில் உண்டு. அதனால் கம்பெனி, ‘உனக்கு உரிய ரூம் 3,000, நீ எடுத்தது 5,000. ஆகவே ரூமோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களையும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவேன்’ என்று சொல்லும். விகிதப்படி கழிப்பது என்று இதற்குப் பெயர்.

எங்கள் பில்லைப் பாருங்கள். ரூம் 30,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் எல்லாம் சேர்த்து 1,20,000. உள்ளே வைத்த உலோக உறுப்பு 60,000. மருந்தும் பரிசோதனைகளும் 50,000. கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் என்று உதிரி 8,000. மொத்தம் 2,68,000.

ரூமுக்கு 18,000 மட்டும் வந்தது. 1,20,000-க்கு 72,000 வந்தது. உள்ளே வைத்த உறுப்பு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றை விகிதப்படி குறைக்கக் கூடாது என்று விதி இருப்பதால் 1,10,000 முழுதாக வந்தது. உதிரிக்கு ஒன்றும் இல்லை. ஆக, கம்பெனி தந்தது 2,00,000. நாங்கள் கட்டியது 68,000. இதில் 8,000 எப்படியும் எங்கள் தலையில்தான். மிச்சம் 60,000, ‘சிங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்காக. 3 லட்சம் பாலிசியில் இன்னும் ஒரு லட்சம் மீதி இருந்தது என்பதையும் கவனியுங்கள். மீதி இருந்தும் தரமாட்டார்கள். ஒப்பந்தம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

டெஸ்க்கில் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சின்னது: ‘‘இந்தப் பாலிசிக்கு எந்த ரூம் எலிஜிபிள்?’’ ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முதல் நாள் ராத்திரி அவசரத்தில் பெரிய ரூம் எடுத்துவிட்டாலும், மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ளலாம். பாலிசி எடுக்கும்போது ரூம் வாடகை வரம்பு இல்லாததாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிரீமியம் கொஞ்சம் ஏறும். என்னைக் கேட்டால், காப்பீட்டுத் தொகையை 3-லிருந்து 5 லட்சமாக ஏற்றுவதற்கு முன் இந்த வரம்பை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கோ-பே என்று இன்னொன்றும் இருக்கும். கிளெய்ம் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தை நாம் போட வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 5 சதவீதம். மூத்தோருக்கான சில பாலிசிகளில் 20 சதவீதம்கூட உண்டு. 2 லட்சம் கிளெய்முக்கு 40,000 ரூபாய் கையிலிருந்து என்று ஆகிறது. பிரீமியம் மலிவாக இருந்தால் இந்த வரியைத் தேடிப் பாருங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்குப் போகும் நாள்

டாக்டர் காலை ரவுண்ட்ஸில் ‘‘இன்னிக்குப் போலாம்’’ என்பார். நாம் பையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் ஆகியும் விடமாட்டார்கள். கேட்டால் ‘‘இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல’’ என்பார்கள். கடைசி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தந்துவிட வேண்டும், தாமதமானால் அதனால் ஏறும் ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பதும் அதே 2024 விதியில் இருக்கிறது. ஆனால் அந்த 3 மணி நேரம், ஆஸ்பத்திரியிடமிருந்து ஃபைல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். மருந்துக் கடைக்குத் திருப்ப வேண்டியதைத் திருப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, டாக்டர் கையெழுத்துப் போட்டு, பில் முடிந்து ஃபைல் கிளம்பவே மதியம் ஆகிவிடும். எனவே ‘‘அப்ரூவல் வந்துச்சா?’’ என்பதை விட ‘‘ஃபைல் எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?’’ என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே சம்மரியைத் தயார் செய்யச் சொன்னால் பாதி நேரம் மிச்சம்.

தரமாட்டேன் என்றால்

கம்பெனி மறுத்தாலோ குறைத்தாலோ, பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது எதற்கும் ஆகாது. அந்தப் பிரிவை எடுத்துப் படித்துப் பார்த்து, நியாயம் நம் பக்கம் இருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இந்தத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவரான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான தகராறுகளைப் பார்க்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆன்லைனிலேயே மனு போடலாம், விசாரணையை வீடியோவிலும் வைக்கிறார்கள். தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும், நமக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேலத்திலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது.

எங்கள் 60,000-இலும் ஒரு வழி மிச்சம் இருந்தது. ரூமுக்கு ஏற்றபடி டாக்டர் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால், விகிதப்படி கழிக்கவே கூடாது என்று 2020-இல் ஆணையம் சொல்லியிருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்ததே டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்துத்தான். ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். ஷேரிங் ரூமுக்கும் சிங்கிளுக்கும் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் ஒன்றுதான் என்றார்கள். ‘‘அதையே லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள்’’ என்றேன். மூன்று நடை நடந்த பிறகு கொடுத்தார்கள். கம்பெனிக்கு அனுப்பினால், ‘உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு பதில், அதன் பிறகு சத்தம் இல்லை. பீமா பரோசாவில் அதே கடிதத்தை இணைத்துப் புகார் போட்டேன். மூன்று வாரம் கழித்து 48,000 ரூபாய் அண்ணன் கணக்குக்கு வந்தது. ரூம் வித்தியாசம் 12,000 வரவில்லை. அது வராது, அது நியாயமும்தான்.

போன வாரம் ஏற்காடு போயிருந்தேன். பெரியம்மா கைத்தடியோடு களத்து ஓரத்தில் நின்று, காபிப் பழம் கிளறுபவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். களத்தில் பாசி இல்லை, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். 12,000 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

‘‘அந்த ரூமுக்கா? அதுல டிவி கூட ஓடலையேடா’’ என்றார்.